ஜூன் மாதத் தவணை

மகளின் கையைப் பார்த்தால் அவள் குடும்பத்தின் நிலை தெரிந்துவிடும் என்று என் உம்மா அடிக்கடி சொல்வார். அந்தக் காலத்துப் பேச்சு என்று நான் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம்தான் அந்தப் பேச்சின் பொருள் எனக்கு விளங்கியது.

மகளின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக அமெரிக்கா போயிருந்தேன். கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சக்ரமென்டோவில் மகளும் மருமகனும் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்ட மகளின் இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன. அவளுடைய கலியாணத்துக்கு நானும் அவளுடைய வாப்பாவும் போட்ட சோடிக் காப்பைக் காணவில்லை. அவர் மௌத்தான பிறகு அந்தக் காப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய ஞாபகம் வரும்.

"காப்பெங்க மகள்?" என்று கேட்டேன்.

"கை வீங்கியிருக்கு உம்மா. கழற்றி வச்சிருக்கேன்."

மாதம் நிறைந்த பிள்ளை. கை கால் வீங்குவது வழமைதானே. நானும் நம்பிவிட்டேன்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பதற்காக மகளின் சிநேகிதி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கணக்கியல் படித்தவர். அந்த நாட்டில் ஏப்ரல் 15ஆந் திகதிக்குள் முந்திய ஆண்டின் வருமானக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். மத்திய அரசுக்கு ஒரு படிவம், மாநில அரசுக்கு இன்னொரு படிவம். நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். கணக்குப் பார்க்கும் இடத்தில் சும்மா இருக்க என்னால் முடியாது. தேநீரை வைத்துவிட்டு நானும் மேசையோரம் அமர்ந்துகொண்டேன்.

மத்திய அரசின் கணக்கு முடிந்து மாநிலக் கணக்கும் முடிந்தது. 2024ஆம் ஆண்டுக்காக மாநிலத்துக்குச் சேரவேண்டிய வரி 2,000 டொலர். இவர்கள் ஏற்கனவே கட்டியிருந்ததும் 2,000 டொலர். ஒரு சதம் பாக்கியில்லை. ஆனால் கணினி 20 டொலர் அளவில் ஒரு தண்டப் பணத்தைக் காட்டியது.

"முழுக் காசும் கட்டியாச்சே. பிறகென்ன தண்டம்?" என்று மருமகன் கேட்டார்.

"காசு சரி. கட்டின நாள்தான் பிழை" என்றார் சிநேகிதி.

அந்தப் பதில் எனக்குப் புதினமாக இருந்தது. கடன் முழுவதையும் தீர்த்த மனிதனுக்கு என்ன தண்டம்? அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான் என் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டேன். அந்தக் கொப்பி இப்போதும் என் முன்னால் இருக்கிறது.

மருமகன் முன்பு ஒரு கம்பனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தார். அப்போது ஒவ்வொரு சம்பளத்திலும் வரியைக் கம்பனியே பிடித்து அரசாங்கத்துக்குச் செலுத்திவிடும். வீட்டுக்கு வருவது வரி போன மிச்சம். அதில் எவரும் தலையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. 2023 முடிவில் அந்த வேலை போய்விட்டது. அதன் பிறகு அலுவலகங்களுக்குக் கணினி பொருத்திக் கொடுக்கும் வேலையை ஒப்பந்த முறையில் செய்கிறார். இப்போது வரும் காசில் எவரும் எதையும் பிடிப்பதில்லை. முழுத் தொகையும் கைக்கு வருகிறது. பார்ப்பதற்குச் சம்பளம் கூடியதுபோல் இருக்கும். உண்மையில் வரியைப் பிடிக்கும் வேலை கம்பனியிடமிருந்து வீட்டுக்காரியின் கைக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்கள் ஆண்டு முடியும்வரை காத்திருக்க முடியாது. இந்த ஆண்டு எவ்வளவு வரி வரும் என்று தாங்களே மதிப்பிட்டு, தவணை தவணையாக முற்கூட்டியே செலுத்த வேண்டும். இதற்குத்தான் மதிப்பீட்டு வரி என்று பெயர். கலிபோர்னியாவில், பிடித்த வரியும் சலுகைகளும் போக ஆண்டுக்கு 500 டொலராவது கட்டவேண்டி வரும் என்று தெரிந்தால் பெரும்பாலும் இந்த விதி பொருந்தும். கணவனும் மனைவியும் தனித்தனியாகக் கணக்குக் கொடுத்தால் ஆளுக்கு 250 டொலர். மத்திய அரசுக்கு இந்த எல்லை 1,000 டொலர்.

தவணை நாட்கள் நான்கு: ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டெம்பர் 15, அடுத்த ஆண்டு ஜனவரி 15. அந்த நாள் சனி, ஞாயிறு அல்லது அரச விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். இதைக் காலாண்டுத் தவணை என்று சொல்கிறார்கள். பெயரைக் கேட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். நாட்களை எண்ணிப் பாருங்கள். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் இரண்டே மாதம். செப்டெம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் நான்கு மாதம். முதல் தவணை கட்டிய களைப்பு ஆறுமுன்னே இரண்டாவது தவணை வாசலில் வந்து நிற்கும்.

மத்திய அரசு இந்த நான்கு நாட்களிலும் சமமாகக் காற்பங்கு, காற்பங்கு என்று கேட்கிறது. மருமகனின் நண்பர் ஒருவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார். மாநிலத்துக்கும் அதேபோல் நான்கு சம பங்குதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மாநிலத்தில் அப்படித்தான். ஆனால் கலிபோர்னியாவில் முதல் தவணை நூற்றுக்கு 30, இரண்டாவது 40, மூன்றாவது ஒன்றுமில்லை, நான்காவது 30.

"இது என்ன விசித்திரமான பங்கு?" என்று கேட்டேன். சிநேகிதி சிரித்தார். முன்பு கலிபோர்னியாவிலும் சம பங்காகத்தான் இருந்ததாம். 2008, 2009ஆம் ஆண்டுகளில் மாநிலத்தின் கஜானா காலியானது. 2009 ஜூலையில் காசுக்குப் பதிலாகக் கடன் சீட்டு எழுதிக் கொடுக்கும் அளவுக்கு நிலைமை மோசமாகியது. அந்த மாநிலத்தின் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. அதற்கு முன்னர் கூடிய பணம் கைக்கு வரட்டும் என்று பங்கை மாற்றினார்கள். 2010 முதல் இன்றுவரை இந்த 30, 40, பூச்சியம், 30 கணக்குத்தான். மாதக் கடைசியில் அரிசி டின்னின் அடியைச் சுரண்டும் வீட்டுக்காரியைப் போல மாநிலமும் ஒரு காலத்தில் திண்டாடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தண்டம் எப்படி வந்தது என்று கணக்கிட்டோம். ஆண்டு வரி 2,000 டொலர். அதில் நூற்றுக்கு 90, அதாவது 1,800 டொலர், உரிய நாட்களில் கட்டியிருந்தால் தண்டமில்லை. அப்படியானால் ஏப்ரலில் 540, ஜூனில் 720, ஜனவரியில் 540. இவர்கள் கட்டியதோ ஏப்ரலில் 500, ஜூனில் ஒன்றுமில்லை, செப்டெம்பரில் 500, ஜனவரியில் 1,000. ஜூன் தவணை நாளில் 1,260 டொலர் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் 500தான் இருந்தது. 760 டொலர் குறைவு. அந்தக் குறைவு எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாளுக்கும், வட்டி வீதத்தை வைத்துத் தண்டத்தைக் கணக்கிடுகிறார்கள். 20 டொலர் பெரிய தொகையல்ல. ஆனால் வட்டிக் கணக்கில் வந்த ஒரு தொகை தன் வீட்டுப் படிவத்தில் நிற்பதைப் பார்த்து மகளின் முகம் சுண்டிப்போனது.

"ஜூனில் ஏன் ஒண்டுமே கட்டல்ல?" என்று சிநேகிதி சாதாரணமாகத்தான் கேட்டார்.

மருமகன் மகளைப் பார்த்தார். மகள் மேசையைப் பார்த்தாள். ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் நான் மனதுக்குள் மாதங்களை எண்ணத் தொடங்கினேன்.

2024 ஜூன் 15 சனிக்கிழமை. ஆகவே தவணை நாள் 17ஆந் திகதி திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமை நம் நாட்டில் ஹஜ்ஜுப் பெருநாள். அந்தப் பெருநாளுக்கு முந்திய கிழமைதான் என் வலது கண்ணின் சத்திர சிகிச்சைக்காக மகள் 800 டொலர் அனுப்பினாள். இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவுக்கு மேல் என் கைக்கு வந்தது. பெருநாள் முடிந்த கையோடு கண்ணைச் செய்துகொண்டேன்.

அந்தக் கண்ணால்தான் அன்றைக்கு அந்தப் படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

சிநேகிதி போன பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. இரவு பேரன் தூங்கியதும் மகளே என் கட்டிலில் வந்து அமர்ந்தாள். ஜூன் மாத மாநிலத் தவணைக்கென்று 500 டொலர் ஒதுக்கி வைத்திருந்தாளாம். அதனுடன் வீட்டுச் செலவில் 300 டொலரைச் சேர்த்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். மத்திய அரசின் தவணை பெரியது, அதை எப்படியோ கட்டிவிட்டார்கள். மாநிலத் தவணை சிறியதுதானே, செப்டெம்பரில் சேர்த்துக் கட்டலாம் என்று விட்டிருக்கிறார்கள். செப்டெம்பரில் அந்தத் தவணைக்குரிய காசுதான் கையில் இருந்தது. டிசம்பரில் மருமகனுக்கு வேலை குறைந்துவிட்டது. ஜனவரி 15 வந்தபோது மத்திய அரசின் தவணை, மாநிலத்தின் தவணை, ஜூனில் விட்ட தவணை என்று மூன்றும் ஒன்றாக வந்து நின்றன.

"காப்பை வித்துத்தான் கட்டினேன் உம்மா" என்றாள்.

என்னால் பேச முடியவில்லை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து நான் கொண்டுபோயிருந்த காசை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திரும்ப என் பையிலேயே வைத்துவிட்டாள்.

"உங்கட கண் எனக்குக் கடனில்ல உம்மா. வரிதான் கடன். நான் ரெண்டையும் ஒரே பேர்சில வச்சதுதான் பிழை. ஜூனில ஒரு தவணை இருக்கு, ஜூலையில அனுப்புறேன் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா நீங்க பொறுத்திருப்பீங்க. எனக்குச் சொல்ல வெட்கமா இருந்திச்சு."

ஆம், பொறுத்திருப்பேன். என் கண் ஒரு மாதம் காத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? காப்பு கையிலேயே இருந்திருக்கும்.

ஆனால் சகோதரிகளே, பிழை முழுவதையும் மகளின் தலையில் கட்டுவதற்கு என் மனம் இடம் தரவில்லை. நான் அவளிடம் காசு கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்காமலே கேட்கும் ஒரு விதம் தாய்மாருக்குத் தெரியும். "பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு மகன் அனுப்பினான், அவ கண்ணைச் செஞ்சுட்டா" என்று நான் தொலைபேசியில் சொன்னேன். "எனக்கென்ன அவசரம், தெரிஞ்ச மட்டும் தெரியட்டும்" என்றும் சொன்னேன். இதைக் கேட்ட எந்த மகள் சும்மா இருப்பாள்? டொலர் என்றால் முன்னூறால் பெருக்கிப் பார்க்க மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கழித்துப் பார்க்கத் தெரியவில்லை. முப்பது வருடம் கழித்தல் கணக்குப் படிப்பித்தவளின் நிலை இது.

அடுத்த நாள் சிநேகிதியைத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டு இப்படி நடக்காதிருக்க என்ன வழி என்று நானே கேட்டேன். அவர் சொன்னவற்றை, அங்கே பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இந்த ஆண்டு எவ்வளவு உழைப்போம் என்று தெரியாமல் எப்படி மதிப்பிடுவது என்ற பயம் வேண்டாம். சென்ற ஆண்டு வந்த வரி எவ்வளவோ அதே தொகையை இந்த ஆண்டின் தவணை நாட்களில் ஒழுங்காகக் கட்டிவிட்டால் போதும். இந்த ஆண்டு வருமானம் கூடி, வரியும் கூடினால்கூடத் தண்டம் வராது. கூடிய தொகையை அடுத்த ஏப்ரலில் கட்டிக்கொள்ளலாம். இந்த ஆண்டின் வரி எவருக்கும் தெரியாத தொகை. சென்ற ஆண்டின் வரியோ படிவத்தில் எழுதியிருக்கும் தொகை. ஆண்டு வருமானம் 150,000 டொலருக்கு மேற்பட்டவர்கள் சென்ற ஆண்டு வரியைப்போல் நூற்றுக்கு 110 கட்ட வேண்டும். பத்து இலட்சம் டொலர் வருமானக்காரருக்குக் கலிபோர்னியாவில் இந்தச் சலுகையே இல்லை. அது நம் கவலையல்ல.

இரண்டாவது, வருமானம் ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தது என்றால், வந்த காலத்தைக் காட்டித் தவணையைக் கணக்கிட வழியிருக்கிறது. கலிபோர்னியாவில் அதற்கு 5805 என்ற இலக்கமுள்ள படிவம் உண்டு. வராத காசுக்கு ஏப்ரலிலேயே வரி கட்டவேண்டியதில்லை.

மூன்றாவது, கணவன் மனைவி இருவரில் ஒருவராவது சம்பள வேலையில் இருந்தால், தன் சம்பளத்தில் மாநில வரியைக் கொஞ்சம் கூட்டிப் பிடிக்கும்படி வேலைத்தலத்தில் எழுதிக் கொடுக்கலாம். அப்போது தவணைப் பாரம் குறையும்.

நான்காவது, இன்னொரு மாநிலத்தில் இருப்பவரின் பேச்சைக் கேட்டு நடக்கக் கூடாது. வெர்ஜீனியாவில் முதல் தவணை நாள் ஏப்ரல் 15 அல்ல, மே 1. ஹவாயில் 20ஆந் திகதிகள். டெக்சஸிலும் புளோரிடாவிலும் தனிநபர் வருமானத்துக்கு மாநில வரியே இல்லை. ஒரே நாடுதான், ஆனால் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. விவசாயத்திலும் மீன்பிடியிலும் பெரும்பகுதி வருமானம் பெறுகிறவர்களுக்கு நான்கு தவணைக்குப் பதிலாக ஜனவரி 15 என்ற ஒரே தவணையும் உண்டு. கடலையும் மழையையும் நம்பியிருப்பவர்கள்மீது அந்தச் சட்டத்துக்கும் ஓர் இரக்கம் இருக்கிறது.

கடைசியாக, மத்திய அரசுக்குக் கட்டிய காசு மாநிலத்துக்குப் போய்ச் சேராது. கலிபோர்னியாவில் தனிநபர் வருமான வரியைச் சேகரிப்பது பிரான்சைஸ் டாக்ஸ் போர்ட் என்ற சபை. அதற்குத் தனியாகவே கட்ட வேண்டும். 540-ஈ.எஸ். என்ற படிவத்துடன் காசோலை அனுப்பலாம், அல்லது கணினி வழியாக வங்கிக் கணக்கிலிருந்தே கட்டலாம். கட்டும்போது எந்த ஆண்டுக்கான தவணை என்பதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். ஜனவரியில் கட்டும் தவணை முடிந்துபோன ஆண்டுக்குரியது. புதிய ஆண்டென்று குறித்துவிட்டால் காசு வேறு கணக்கில் போய் விழும்.

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபின், ஊரிலிருந்து நான் கொண்டுபோயிருந்த கடைக் கலண்டரைக் குசினிச் சுவரில் மாட்டினேன். 2025 ஏப்ரல் 15ஐச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு 600 என்று எழுதினேன். ஜூன் 15 அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே 16ஐ வட்டமிட்டு 800 என்று எழுதினேன். செப்டெம்பர் 15இல் மாநிலத்துக்கு ஒன்றுமில்லை, மத்திய அரசுக்கு மட்டும் என்று எழுதினேன். கலண்டரின் பின்னட்டையில் 2026 ஜனவரி 15, 600 என்று எழுதினேன். மொத்தம் 2,000. சென்ற ஆண்டின் வரி.

மகள் வங்கியில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்தாள். மருமகனுக்கு ஒரு வேலைக்கான காசு வந்தால், அன்றைக்கே இரண்டு அரசுக்குமான பங்கு அந்தக் கணக்குக்குப் போய்விடும். மிச்சம்தான் வீட்டுக்கு. அந்தக் கணக்குக்கு ஏதாவது பெயர் வைக்கலாம் என்று வங்கி கேட்டதாம். மகள் "அமானிதம்" என்று வைத்தாள். அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்கும் தோன்றவில்லை. கைக்கு வந்ததெல்லாம் நம்முடையதல்ல. அதில் ஒரு பகுதி இன்னொருவருடையது, நம்மிடம் இருப்புக்கு வந்தது. உரியவர் கேட்கும் நாளில் அதை எடுத்துக் கொடுப்பது பெரிய காரியமல்ல. அந்த நாள்வரை அதைத் தொடாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

ஏப்ரலில் பேத்தி பிறந்தாள். அந்த அலுவல்களுக்கு மத்தியிலும் முதல் தவணை போய்விட்டது. ஜூன் 16ஆந் திகதி காலை, பிள்ளையை என் மடியில் தந்துவிட்டு மகள் கணினியைத் திறந்தாள். 800 டொலர். சென்ற வருடம் ஏறக்குறைய அதே நாட்களில் என் கைக்கு வந்த அதே தொகை. கட்டி முடித்ததும் வந்த உறுதி இலக்கத்தை என் கொப்பியில் எழுதச் சொன்னாள். எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

அன்று பின்னேரம் மருமகன் எங்களைச் சட்டசபைக் கட்டடத்தைச் சுற்றியுள்ள பூங்காவுக்குக் கூட்டிப்போனார். பெரிய பெரிய மரங்கள். நடுவில் வெள்ளைக் குவிமாடம். "நாங்க காலையில கட்டின காசு இஞ்சதானே வரும்?" என்று பேரனுக்குக் காட்டிச் சொன்னாள் மகள். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? அவன் அணிலைத் துரத்தப் போய்விட்டான். ஆனால் அவள் குரலில் பல மாதமாக நான் கேட்காத ஓர் இலேசு இருந்தது.

மாவனல்லையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என் நானாவிடம் இந்தக் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார். "இதென்ன புதினம் தங்கச்சி? எங்களுக்கும் அதேதானே. ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15." நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி ஆண்டு வரியை நான்கு தவணையாகக் கட்டும் முறை இருக்கிறது. ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கும் வரியாண்டுக்கு அந்த நான்கு நாட்கள். நானாவின் வீட்டில் எத்தனையோ பெருநாளைக்கு இருந்திருக்கிறேன். இந்த நாட்களைப் பற்றி ஒரு தடவையாவது கேள்விப்பட்டதில்லை. அது ஆண்களின் அலுவல் என்று நாங்கள் ஒதுங்கியிருந்தோம். மைனியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாது. பெப்ரவரியில் நானா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவது ஏனென்று இப்போதுதான் தனக்கு விளங்குகிறது என்றார்.

ஓகஸ்டில் ஊர் திரும்பினேன். 2026 ஜனவரி 15ஆந் திகதி இரவு மகள் தொலைபேசி எடுத்தாள். ஸலாம் சொன்ன கையோடு, "உம்மா, கலண்டர்ல கடைசி வட்டமும் முடிஞ்சுது" என்றாள். காப்பைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது போனது போனதுதான். தங்கத்தின் விலை இன்று இருக்கும் நிலையில் அப்படியொரு சோடியை மீண்டும் செய்ய எப்போது முடியுமோ தெரியாது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தாய்மாரே, உங்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளை காசு அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள். அது அவர்களுடைய அன்பு, அவர்களுக்கும் அதில் நிம்மதி உண்டு. ஆனால் வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உங்கட பங்கிலிருந்து வருகுதா, வேறு யாருடைய பங்கிலிருந்தும் வருகுதா?" அவர்கள் கட்டவேண்டிய தவணை நாட்களைக் கேட்டு உங்கள் வீட்டுக் கலண்டரிலும் எழுதி வையுங்கள். அந்த நாட்கள் நெருங்கும்போது, பக்கத்து வீட்டு ராத்தாவின் கண்ணைப் பற்றித் தொலைபேசியில் பேசாதீர்கள்.

என் இடது கண்ணிலும் இப்போது புகை படர்ந்திருக்கிறது. இம்முறை மகளிடம் நானே முதலில் சொல்லிவிட்டேன்: "ஜூன் தவணையைக் கட்டி முடி மகள். பிறகு பார்ப்போம்."